கை தூக்கிய கார்னர்: பாப்பாரப்பட்டி பக்கத்துப் பெண்கள் கபாடி அணி, ஒரு நிகழ்வு ஆய்வு

“வேகம் இருக்கு. பிடி நல்ல பிடி. ஒழுங்கு கிடையாது. அடுத்த வருஷம் வேண்டாம்.”

ஒரு 13 வயதுப் பெண்ணைப் பற்றி என் நீள நோட்டில் நான் எழுதி வைத்த குறிப்பு இது. ‘வேண்டாம்’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அணிக்கு ஆள் எடுப்பது எப்படி, எடுத்த ஆளை வளர்ப்பது எப்படி என்று புதிதாகப் பயிற்சி கொடுக்க வருகிற பையன்கள் கேட்டால், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன். எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பிள்ளைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆடிய இடத்தை வைத்தே அழைக்கிறேன்: கார்னர் (வரிசையின் ஓரத்தில் நின்று பிடிப்பவள்), ரெய்டர் (எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருபவள்), கவர் (நடுவை ஒட்டி நின்று பிடிப்பவள்). ஊர்ப் பெயரும் வேண்டாம். தருமபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். நான் முழுநேரப் பயிற்சியாளன் இல்லை. பகலில் வேறு வேலை. கல்லூரிக் காலத்தில் ரைட் கவர் ஆடினேன், முட்டி போனது, நிறுத்திவிட்டேன். அப்புறம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையிலும் மாலையிலும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

களம்

பெண் பிள்ளைகளுக்கு ஏன் கபாடி என்று கேட்பவர்களுக்கு என் பதில் ரொம்பச் சின்னது: செலவு இல்லை. மட்டை வேண்டாம், வலை வேண்டாம், ஷூகூட வேண்டாம். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், கல் பொறுக்கிய மண், கோடு போடச் சுண்ணாம்புத் தூள். 7 பேர் இறங்கினால் ஆட்டம். இப்போது போட்டிகள் ‘மேட்’ என்கிற விரிப்பின்மேல் நடக்கின்றன, மண்ணில் பழகிய கால் அதில் வழுக்கும், அதெல்லாம் உண்டு. ஆனால் ஆரம்பிக்க மண் போதும்.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனது. அதற்கு முன்னால் என் அணியில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகள், நடந்து வரக்கூடியவர்கள். அதற்குப் பிறகுதான் மூன்று நான்கு ஊர் தள்ளியிருந்த பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். போட்டிக்குப் போகும்போது 12 பேர் ஏறுவோம், டிக்கெட் எடுப்பது நான் ஒருத்தன்தான். கண்டக்டர் சிரிப்பார்.

தேர்வு நாள்

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஆள் எடுப்பேன். 30 மீட்டர் ஓட்டம், கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்புதல், அப்புறம் ஐந்து பேர் நிற்கும் பக்கம் மூன்று ரெய்டு. எத்தனை பேரைத் தொட்டாள், எத்தனை பேரைப் பிடித்தாள் என்று எண்ணி எழுதுவேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘குணம்’. அதில் ஒரு வரி.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, சொல்வதற்கென்ன. மற்ற கோச்சுகள் திறமையை மட்டும் பார்க்கிறார்கள், நான் குணத்தையும் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பின்னால் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. ‘அமைதி’, ‘நல்ல பிள்ளை’, ‘சொன்னதைக் கேட்கும்’, ‘திமிர்’. ஒரு காலைப் பொழுதில், தெரியாத ஆம்பிளை ஒருத்தன் விசிலோடு நிற்கும்போது, ஒரு பெண் பிள்ளை அமைதியாக இருப்பது குணம் இல்லை, பயம். இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

திறமைக் கட்டத்திலும் ஓட்டை இருந்தது. 13 வயதில் ஒரே வகுப்பில் நிற்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி வளர்ந்து முடித்திருப்பாள், இன்னொருத்திக்கு வளர்ச்சியே ஆரம்பித்திருக்காது. முன்னவள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வருவாள். நாம் ‘திறமை’ என்று எழுதுவோம். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்பவரும் கூட இருந்தவர்களும் 1985-இல் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்தார்கள். வயதுக் கணக்கு தொடங்கும் ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்கள் மேல்மட்ட அணிகளில் அதிகமாக இருந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பிறந்தவனுக்குத் திறமை குறைவு என்று இல்லை, அவன் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவன், அவ்வளவுதான். நம் ஊரில் இது இன்னும் குழப்பம். பாதிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வசதிக்குப் போட்ட தேதி.

ரெய்டர் அந்த வளர்ந்த பிள்ளை. தேர்வு நாளில் மூன்று ரெய்டில் ஏழு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். கார்னர் குள்ளம், ஒல்லி. ஆனால் அதே ரெய்டர் மூன்றாவது முறை பாடி வந்தபோது அவள் கணுக்காலைப் பிடித்துத் தொங்கினாள். விடவில்லை. ரெய்டர் அவளை இழுத்துக்கொண்டே நடுக்கோடு வரை வந்துவிட்டாள், பிடி கணக்கில் தோல்விதான். ஆனால் எழுந்தபோது கார்னரின் இரண்டு முழங்கையும் தோல் போயிருந்தது, மண்ணைத் தட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். சரி, எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

நோட்டில் இருந்த ஓட்டை

ஜூலையில் ஒழுங்காக வந்தாள். ஆகஸ்ட் முதல் வாரம் ஐந்து நாள் இல்லை. அப்புறம் வந்தாள். செப்டம்பர் கடைசியில் மறுபடியும் ஒரு வாரம் இல்லை. காலைப் பயிற்சி ஐந்தரை மணிக்கு, அதற்குத்தான் முதலில் வராமல் போவாள், பிறகு மாலையும் இருக்காது.

“ஏம்மா வரல?”

“வேல இருந்துது சார்.”

வேல இருந்தது என்பது எல்லாப் பிள்ளையும் சொல்வது. காதுகுத்துக்குப் போனாலும் வேலதான், தூங்கிவிட்டாலும் வேலதான். நவம்பரில் மூன்றாவது முறை காணாமல் போனபோது முதலில் சொன்ன குறிப்பை எழுதினேன்.

அவள் வீட்டுக்கு நான் போனது அவளைத் திரும்பக் கூப்பிட அல்ல. அணிக்குக் கொடுத்திருந்த பனியனை வாங்கிவரப் போனேன். அது வேறு ஆளுக்கு வேண்டியிருந்தது.

வீட்டை ஒட்டி நீளமாக ஒரு கொட்டகை. உள்ளே போகப் பார்த்தேன். அவள் ஆயா வாசலிலேயே நிறுத்தி, பக்கெட்டில் இருந்த மருந்துத் தண்ணீரில் கால் கழுவச் சொன்னாள். “பூச்சிக்கு நோவு வந்துடும் சாமி.” உள்ளே தட்டுத் தட்டாகப் பட்டுப்புழு. விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக, மல்பெரித் தழையை அரித்துக்கொண்டிருந்தன. கார்னர் ஒரு கட்டுத் தழையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே போடவில்லை. தழையைப் பரப்பி முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது, தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது என்பது மட்டும். அன்றைக்கு அவள் அம்மா சொன்னதைக் கேட்டேன். புழு முட்டையிலிருந்து வந்து கூடு கட்டக் கிட்டத்தட்ட 25 நாள். அதில் ஐந்து பருவம். கடைசிப் பருவம் ஒரு வாரம். மொத்தம் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்கை அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும். வெயில் ஏறுவதற்கு முன்னால் தழை வெட்டவேண்டும், வாடினால் தொடாது. ராத்திரியும் போடவேண்டும். அந்த வாரம் தழை குறைந்தால் கூடு லேசாகிவிடும், அங்காடியில் விலை போகாது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் அம்மா, ஆயா, இவள், மூன்றாவது படிக்கும் தம்பி.

“இந்த ஒரு வாரம் உட்டுடுங்க சார். கூடு கட்டிட்டா நானே அனுப்பறேன்” என்றார் அம்மா.

வெளியே வந்து அவளிடம் கேட்டேன், இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று. “சொன்னேனே சார், வேல இருந்துதுன்னு.”

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் கடைசி, நவம்பர். ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம். ஒழுங்கில்லாதவள் என்று நான் எழுதியவளின் வராத நாட்கள்தான் அந்த நோட்டிலேயே ஒழுங்காக இருந்தன.

தழை வெட்டித்தான் அவளுக்குக் கை பலம் வந்தது என்று யாராவது கதை கட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஊரில் தழை வெட்டுகிற பெண்கள் எத்தனையோ பேர், அவர்கள் யாரும் கணுக்கால் பிடிப்பதில்லை. நான் சொல்வது வேறு. வாரம் முழுக்க ராத்திரி எழுந்து தழை போட்டுவிட்டுப் பள்ளிக்கும் போய்விட்டு வருகிறவளிடம் இல்லாத ஒழுங்கை, ஐந்தரை மணிக்கு விசில் ஊதி நான் கற்றுக்கொடுக்க முடியுமா?

பனியனை வாங்காமல் வந்தேன். மறுவாரத்திலிருந்து ஐந்தாம் பருவம் வரும் வாரம் எது என்று அவளே முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். நோட்டில் ‘பு’ என்று போட்டுக்கொள்வேன். அந்த வருடம் அதே எழுத்து இன்னும் இரண்டு பேருக்கும் போடவேண்டி வந்தது.

நான் வளர்த்த ரெய்டர்

ரெய்டரைப் பற்றி எழுதும்போது அவள் மேல் பழி போகாமல் எழுதவேண்டும். கெட்ட பிள்ளை இல்லை. அப்பா கடை வைத்திருந்தார், கையில் போன் இருந்தது. 2014-இல் புரோ கபாடி வந்த பிறகு எல்லா ஊரிலும் நடந்ததுதான்: எந்தக் கோச்சும் சொல்லிக் கொடுக்காத வித்தைகளைப் பிள்ளைகள் திரையில் பார்த்தே பழகிக்கொண்டார்கள். இவள் வீட்டு முற்றத்தில் இரண்டு கம்புக்கு நடுவே கயிறு கட்டி, ஓடிவந்து கயிற்றைக் கைநுனியால் தொட்டுத் திரும்புவாள். ஒரு மணி நேரம் தனியாக.

ஆனால் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருவாள். அவுட் ஆகி வெளியே உட்கார்ந்தால் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். யாராவது பிடியை விட்டுவிட்டால், கை இரண்டையும் விரித்து எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். நான் அவளைக் கேப்டன் ஆக்கினேன். நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு தாமதம்கூடக் கிடையாது. அவள் தாமதமாக வந்தாள், நான் எழுதவில்லை. புள்ளி எடுத்துத் தருகிறவளிடம் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. அதே மாதத்தில்தான் கார்னருக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். ஒரே நோட்டு, ஒரே கை.

இதை மற்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். பிள்ளைகள் நாம் சொல்வதை மறந்துவிடுவார்கள், யாருக்கு விட்டுக் கொடுக்கிறோம் என்பதை மறக்கமாட்டார்கள்.

கடைசி நிமிடம்

இரண்டாம் வருடம். மாவட்ட அளவிலான ஒரு போட்டி, அரையிறுதி. மண் மைதானம், மதியம் இரண்டு மணி வெயில். 22-க்கு 22. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது, எதிரணி ரெய்டு. வந்த பெண், ரெய்டு செல்லத் தாண்டியே ஆகவேண்டிய தடுப்புக்கோட்டைத் தாண்டி இடதுபக்கம் ஒரு போக்குக் காட்டிவிட்டுத் திரும்பினாள். எங்கள் கார்னர் முன்னால் பாயப் பார்த்து, வேண்டாம் என்று அரை அடி பின்வாங்கினாள். ரெய்டு வந்தவள் பாட்டு விடாமல் நடுக்கோடு சேர்ந்துவிட்டாள். அம்பயர் இரண்டு பேரும் ஒன்றும் காட்டவில்லை. வந்தவளே தான் யாரையும் தொட்டதாகக் கேட்கவில்லை. வெறும் ரெய்டு, யாருக்கும் புள்ளி இல்லை. அடுத்தது எங்கள் ரெய்டு, ஆட்டமே எங்கள் கையில்.

கார்னர் கையைத் தூக்கினாள். வலது கை, தோளுக்கு மேலே, பள்ளியில் ‘உள்ளேன் ஐயா’ சொல்கிற மாதிரி. தூக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். திரும்பும்போது எதிரணிப் பெண்ணின் கால் விரல் அவள் கெண்டைக்காலில் பட்டிருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

23-க்கு 22. கடைசி ரெய்டுக்கு எங்கள் ரெய்டர் போனாள். எதிரே ஐந்து பேர்தான் நின்றார்கள், ஆறு பேர் இருந்தால்தான் யாரையும் தொடாமல் கோட்டைத் தாண்டி எடுக்கிற போனஸ் புள்ளி உண்டு, எனவே தொட்டே ஆகவேண்டும். அவர்கள் ஐந்து பேரும் பின்கோட்டை ஒட்டி நின்றுகொண்டார்கள். ரெய்டுக்கு உள்ள 30 நொடி முடிந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

அப்போது நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். “உன்ன யாரு கேட்டா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த பத்து நாள் பயிற்சியிலும் அதே கதை. பந்தி பிரிந்த மாதிரி, அவளுக்கு மட்டும் ஜோடி கிடைக்காது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிள்ளைகள் சண்டை, தானாகத் தீரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பதினோராவது நாளோ என்னவோ, ரெய்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “கேப்டன் நீ, நீயே இப்படிப் பேசாம இருந்தா எப்படி?” என்றேன். அவள் கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“சார், நீங்கதான சொன்னீங்க, அம்பயர் விசில் ஊதறவரைக்கும் நின்னுக்கிட்டே இருன்னு. நான் அப்படித்தான் இருந்தேன். அவ இருக்கல. அப்புறம் அவ செஞ்சது சரின்னா நாங்க இத்தன நாளா செஞ்சது என்ன சார்?”

அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தேன். ஒருமுறை இல்லை, பல முறை. நான் ஆடிய காலத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் கைமாற்றிக் கொடுத்துவிட்டேன். ‘குணம்’ என்று தனிக் கட்டம் போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் தொட்டதை மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரெய்டரின் குணம் என்று நான் எதை நினைத்தேனோ அதில் பெரும்பகுதி என் பாடம்.

அம்பயர் இல்லாத புதன்கிழமை

மன்னிப்புக் கேட்டது பெரிய விஷயம் இல்லை, அதை இரண்டு நிமிடத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு செய்ததுதான் வேலை.

புதன்கிழமை மாலை ஆட்டத்தில் நான் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். விதி ஒன்றுதான்: தொட்டவள் பேசக் கூடாது, தொடப்பட்டவள் சொல்வதே தீர்ப்பு. முதல் மூன்று வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. பாதி நேரம் சண்டை. ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். எழுந்து போய்த் தீர்ப்புச் சொல்லக் கை துறுதுறுக்கும்.

நான் எதிர்பார்க்காதது நான்காவது ஐந்தாவது வாரத்தில் நடந்தது. ரெய்டரின் ஆட்டம் மாறியது. முன்னால் எல்லாம் நுனிவிரல் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு அம்பயரைப் பார்த்துக் கை காட்டுவாள், அதில் பாதி கிடைக்கும். இப்போது அம்பயர் இல்லை, எதிரே இருப்பவள் இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான். எனவே மறுக்கவே முடியாத மாதிரி, தோளில் தட்டென்று விழுகிற மாதிரித் தொடப் பழகினாள். அதற்கு இன்னும் அரை அடி உள்ளே போகவேண்டும், இன்னும் வேகமாகத் திரும்பவேண்டும். நல்லொழுக்கத்துக்காகத் தொடங்கியது கடைசியில் கால்வேலையைத் திருத்தியது.

போட்டியில் என்ன செய்யவேண்டும் என்று நான் இப்போதும் சொல்வதில்லை. பக்கத்து ஊர்க் கோச் ஒருத்தர், பழைய தோழர், கேட்டார்: “நீ கபாடி சொல்லித் தர்றியா, நீதிக்கதை சொல்லித் தர்றியா? அம்பயருக்குச் சம்பளம் எதுக்கு?” அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எதிரணி ஒரு தொடுதலைக்கூட ஒத்துக்கொள்ளாதபோது நம் பிள்ளை மட்டும் ஏன் கை தூக்கவேண்டும்? எனக்குத் தெளிவான பதில் இல்லை. கை தூக்கினால் கத்த மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

புளியங்கொட்டை

அமெரிக்காவில் ஜான் வுடன் என்று ஒரு கூடைப்பந்துக் கோச் இருந்தார். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி. 1964-இலிருந்து 1975 வரை 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம். முதல் நாள் பயிற்சியில் அவர் காலுறையைச் சுருக்கம் இல்லாமல் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பாராம், சுருக்கம் கொப்புளமாகும் என்பதால். அவருடைய கடைசி சீசனில் உளவியல் ஆட்கள் இரண்டு பேர் பயிற்சிகளுக்கு வந்து உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் வகைப்படுத்தி எண்ணினார்கள். 2,300-க்கு மேல் எண்ணியதில், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ‘இதைச் செய், இப்படிச் செய்’ என்ற வகை. பாராட்டும் கொஞ்சம், திட்டும் கொஞ்சம்.

இதைப் படித்ததும் என் வாயை எண்ணிப் பார்க்க ஆசை வந்தது. கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையிடம் இரண்டு டம்ளரும் ஒரு பை புளியங்கொட்டையும் கொடுத்தேன். நான் ஏதாவது செய்முறை சொன்னால் இந்த டம்ளர், திட்டினால் அந்த டம்ளர். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் திட்டு டம்ளர் ததும்பிக்கொண்டிருந்தது. “கொட்ட தீந்துடுச்சு சார், அப்புறம் கல்லு போட்டேன்” என்றாள். “ஏய்”, “எங்க பாக்கற”, “சோறு திங்கலயா”, இதெல்லாம் சொன்ன நினைவே எனக்கு இல்லை.

ஒரு வருடமாக மாதம் ஒருமுறை அந்த டம்ளர் வைக்கிறோம். குறைந்திருக்கிறது. போட்டி நெருங்கும் வாரத்தில் மறுபடி ஏறிவிடுகிறது.

எடை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்ட மனம் இல்லை. சப்-ஜூனியர் பெண்களுக்கு எடை வரம்பு 55 கிலோ. எங்கள் கவர் 57 இருந்தாள். இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னேன், தண்ணீரையும் குறைக்கச் சொன்னேன். எல்லாரும் செய்வதுதான் என்று எனக்குச் சமாதானம். எடை போடும் வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுந்தாள். இளநீர் வாங்கிக் கொடுத்து, மடியில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அவள் அம்மா சத்தம் போடவில்லை. “சோறு போடாம ஜெயிக்கணுமா சார்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் ஜூனியர் பிரிவில் ஆடினாள், அங்கே வரம்பு 65. தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு மோதி நிறைய அடி வாங்கினாள், களியும் கீரையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு.

பக்கத்து மாவட்டத்துக் கணக்கு

சேலம் எங்களுக்குத் தூரம் இல்லை, 1965 வரை தருமபுரியே சேலத்தில்தான் இருந்தது. அங்கே பெரியவடகம்பட்டியில் ஒரு பையன் வலது கால் பேருந்தில் நசுங்கிய பிறகும் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். உயரம் தாண்டிப் பார் என்று திருப்பிவிட்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு அவர்தான். சின்னப்பம்பட்டி கிரிக்கெட்காரர் நடராஜன் கதையில் எனக்குப் பிடித்தது 2020 ஆஸ்திரேலியப் பயணம் இல்லை. 2015-இல் ரஞ்சியில் காலடி வைத்ததுமே பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார் ஆனது, அதோடு முடிந்துபோயிருக்கலாம். பந்து போடும் விதத்தையே மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார். உடனிருந்து திருத்தியவர்கள் இருந்தார்கள்.

இரண்டிலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான். கண்டுபிடித்தவர்கள் ஒரு நாள் தேர்வு வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. தினமும் பார்க்கிற இடத்தில் இருந்தார்கள்.

இப்போது

ஜூன் தேர்வை நான் விட்டுவிடவில்லை, ஆனால் மூன்று வாரம் நடக்கிறது. யார் வந்தாலும் ஆடலாம். அணியில் இடம் கிடைக்காத பிள்ளை மறுநாள் வருகிறாளா என்று பார்க்கிறேன். வராவிட்டால் வீட்டுக்குப் போகிறேன், இப்போது பனியன் வாங்க அல்ல. அப்பாவிடம் பேசிப் பயன் குறைவு என்று கண்டுகொண்டேன். அவர் “நீங்க பாத்து செய்யுங்க சார்” என்பார், அப்புறம் ஒன்றும் நடக்காது. அம்மாவும் ஆயாவும் ஒத்துக்கொண்டால் பிள்ளை வரும். தண்ணீர் யார் பிடிக்கிறார்கள், ஆடு யார் ஓட்டுகிறார்கள், பெங்களூருக்கு யார் போயிருக்கிறார்கள், தம்பி தங்கையை யார் பார்க்கிறார்கள், இதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். 12-ஆவது முடிகிறவரை கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்றும் கேட்பேன். சிரித்து மழுப்புகிறவர்கள் உண்டு. ஒரு வீட்டில் பத்தாவது முடித்ததுமே பரிசம் வரை போய்விட்டது, பள்ளித் தலைமையாசிரியை நேரில் போய்ச் சட்டத்தைச் சொன்ன பிறகுதான் நின்றது. நான் போயிருந்தால் நின்றிருக்காது.

ரெய்டர் 11-ஆம் வகுப்புக்கு விளையாட்டு விடுதியில் சேர்ந்துவிட்டாள். போன வருடம் லீவுக்கு வந்தபோது புதன்கிழமை ஆட்டத்தில் இறங்கினாள். தொடப்பட்டதும் கை தூக்கிக்கொண்டு வெளியே போனாள், போகிற போக்கில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. விடுதியில் எப்படி ஆடுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

கார்னர் விடுதித் தேர்வில் எடுபடவில்லை. உயரம் போதவில்லை என்றார்கள். 12-ஆவது முடித்து இப்போது கல்லூரிக்குப் போகிறாள், ஆடுவது குறைந்துவிட்டது. கொட்டகையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள், அப்பா ஊரோடு வந்துவிட்டார். இந்த ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்தபோது நோட்டை அவள் கையில் கொடுத்தேன். நான் ஓட்டத்துக்கு நேரம் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிரித்தேன். ‘குணம்’ என்ற தலைப்பை அவள் அடிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை. ஏழாவது படிக்கும் ஒரு சின்னப் பிள்ளையின் பெயருக்கு நேரே மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது:

“புழு நாலாவது பருவம். அடுத்த வாரம் வரமாட்டா. அதுக்கு அடுத்த வாரம் வருவா.”